முப்பத்தேழாம் பக்கம்

1952ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டரை மணி.

மரப்பாலத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் அன்று யாரும் வாய்ப்பாடு சொல்லவில்லை. ஆசிரியை நவமணி அலமாரியைத் திறந்து, புத்தம் புதிய புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவுடன் பிள்ளைகள் அதைத் திறந்து முகத்தோடு வைத்து மோந்து பார்த்தார்கள். அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. நீல அட்டையில் ‘உலகம் திரும்பிய நாட்கள்: மாணவர்க்கான எளிய சரித்திரம்’ என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் நவமணியின் பெயர்.

மூன்றாவது வரிசையில் இருந்த தாயம்மா என்ற சிறுமி மற்றவர்களைப் போலப் படம் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். இரண்டு முறை முன்னும் பின்னும் தேடினாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“டீச்சர், எங்க அப்பா பேரு இருக்குன்னு சொன்னீங்களே. காணோம் டீச்சர்.”

நவமணி சிரித்தபடி வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முப்பத்தாறாம் பக்கத்துக்கு அடுத்து முப்பத்தொன்பதாம் பக்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தையலோரமாக விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்தார். அதிலும் அப்படியே. அலமாரியில் மீதி இருந்தவற்றைப் பார்த்தார். நாற்பது புத்தகங்களிலும் அதே தாள் இல்லை.

நவமணி அழக்கூடியவர் இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

*

அந்தப் புத்தகத்தை எழுத அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் என்றால் ராஜாக்களின் பெயரும் யுத்தங்களின் தேதியும்தான் என்று இருந்த காலம். நவமணி வேறு மாதிரி எழுதினார். அச்சு இயந்திரம் வந்த நாள், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த நாள், பிரெஞ்சு மக்கள் சிறையை உடைத்த நாள், ரப்பர் விதை கடல் தாண்டி மலாயாவுக்கு வந்த நாள் என்று ஒவ்வொரு பாடமும் ஒரு நாளில் தொடங்கும். அந்த நாளுக்கு முன்னால் சாதாரண ஜனங்கள் எப்படி இருந்தார்கள், பிறகு எப்படி ஆனார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்லியிருந்தார். “நம்மளப் போல ஆளுங்களும் சரித்திரத்துல இருக்காங்க” என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார்.

அதனால்தான் சயாம் ரயில் பாடத்தை அவரால் விட முடியவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் இந்தத் தோட்டத்திலிருந்து லோரி லோரியாக ஆட்களை சயாமுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்கள். பாதிப் பேர் திரும்பவில்லை. நவமணியின் கணவரும் அவர்களில் ஒருவர். சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய், திரும்பி வராதவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி, முப்பத்தேழாம் பக்கத்தில் அச்சடிக்க வைத்தார். எங்கேயும் கல்லறை இல்லாதவர்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் இடம்.

அந்தப் பக்கத்தைத்தான் யாரோ வெட்டியிருந்தார்கள்.

*

செய்தி ரப்பர் பால் வெட்டும் பால்காட்டுக்குப் போகக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பால் வாளிகளை மரத்தடியில் வைத்துவிட்டு ஆணும் பெண்ணும் ஓடி வந்தார்கள். முதலில் பள்ளிக்கு வந்தவர்கள், பிறகு ஆபீசின் பக்கம் திரும்பினார்கள். ஆபீசில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி கார்த்திகேசு இருந்தார். ஜப்பான் காலத்தில் சயாமுக்குப் போக ஆட்களின் பெயரை எழுதிக் கொடுத்தது அவருடைய கை என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை.

“அவன் செஞ்ச பாவம் புஸ்தகத்துல வந்துருச்சுன்னு வெட்டிட்டான்!” என்று முன்னால் நின்று கத்தியவர், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ரெங்கசாமி. “செத்தவங்க பேரக்கூட விட்டு வைக்க மாட்டானா? இழுத்துட்டு வாங்கடா வெளிய!”

தோட்டத்துத் துரை ஆபீஸ் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார்.

கோலசிலாங்கூரிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அப்துல் மஜீது வந்து இறங்கியபோது மணி பத்தரை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, சத்தம் போடாத மனிதர். அவருடைய வாப்பா கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து மேசை மேசையாகப் பரிமாறியவர் மஜீது. சாப்பிட வந்தவன் வாயால் கேட்பது ஒன்றாகவும் கண்ணால் தேடுவது வேறாகவும் இருக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை. ஆபீஸ் படியில் ஏறி நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு யாராச்சும் எனக்குச் சொல்லுங்க.”

கூட்டம் நவமணியைப் பார்த்தது. நவமணி முன்னால் வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் எங்கோ ஒரு தலை குனிந்தது. ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் போனார்கள்.

“…சடையன், மாரப்பன், பொன்னுரங்கம்…”

மண்டோர் ரெங்கசாமி சட்டென்று நிமிர்ந்தார்.

“எங்க அண்ணன் பேருமா?”

“ஆமாங்க. நல்லம்மா அக்காதான் சொன்னாங்க” என்றார் நவமணி. நல்லம்மாள் பொன்னுரங்கத்தின் விதவை. மகள் தாயம்மாவுடன் கீழ் லயத்து வரிசை வீட்டில் இருந்தாள்.

மண்டோரின் முகத்தில் ஓடிய ரத்தம் ஒரு கணம் நின்றாற்போல் இருந்தது. அடுத்த கணம் முன்னைவிட உரக்கக் கத்தினார். “கேட்டீங்களா? என் கூடப் பொறந்தவன் பேரு! கிராணிய என்கிட்ட விடுங்க!”

மஜீது அவரையும் கூட்டத்தையும் பார்த்தார். “சாயங்காலம் ஊரடங்குக்கு முந்தி யாருன்னு சொல்றேன். அதுவரைக்கும் கிராணி மேல கை வச்சா, நான் பிடிக்க வேண்டியது உங்களையா இருக்கும். எனக்கு அது வேணாம்.”

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அதனாலோ என்னவோ கூட்டம் கலைந்தது.

ஆபீசுக்குள் துரை வேறு விதமாகப் பேசினார். நாளைக்குப் பட்டாளத்துக் கேப்டன் ஒருவர் வேலியைப் பார்வையிட வருகிறார். பள்ளிக்கும் வந்து புதுப் புத்தகத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் கலகம் என்றால் மேலிடத்துக்கு என்ன பதில்? “இன்று மாலைக்குள் தீராவிட்டால் புத்தகங்களை எரித்துவிட்டுப் பள்ளியை மூடுகிறேன்” என்றார் துரை. வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரையும் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். முள்வேலிக்குள் லயங்கள். அரிசி ஆளுக்கு அளந்து, சோறாக்கித்தான் கொடுப்பார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று பால் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள்.

*

பகல் பதினொன்றரை. மஜீது முதலில் பள்ளி அலமாரியைப் பார்த்தார்.

பூட்டு நன்றாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. பூட்டை விட்டுவிட்டு அவர் கதவின் மறுபக்கம் வந்தார். கீல்களில் இருந்த இரும்பு முளைகளைக் கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மேல் கீலின் முளை தலைகீழாகச் செருகியிருந்தது. அதைச் சுற்றி இருந்த பெயிண்ட் புதிதாகப் பெயர்ந்திருந்தது.

“முளையத் தட்டி எடுத்துட்டு, கதவ இந்தப் பக்கமாத் தொறந்திருக்காங்க. திரும்ப மாட்டும்போது ஒண்ணு தலைகீழாப் போச்சு. சத்தம் கேட்டிருக்குமே, டீச்சர்?”

“நேத்து மத்தியானம் சினிமா காட்ட கவர்ன்மெண்டு பட வண்டி வந்துச்சு” என்றார் நவமணி. “எல்லாரும் திடல்ல கட்டின இருட்டுக் கொட்டகையிலதான் இருந்தோம். அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால இது எங்க கேட்கும்?”

மஜீது ஒரு புத்தகத்தை எடுத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சயாம் ரயில் பாடத்தை முழுக்கப் படித்தார். முப்பத்தாறாம் பக்கத்தின் கடைசிப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

“‘ஆட்களின் பெயரை எழுதிக் கொடுக்கும்படி ஆபீசில் இருந்தவர்களை ஜப்பானியர் அடித்தார்கள். சிலர் அடி வாங்கி மறுத்தார்கள். சிலர் பயந்து எழுதினார்கள். எழுதியவர்கள் நம்மோடுதான் இன்னும் வாழ்கிறார்கள். பயம் என்ன செய்யும் என்பதை நாம் அறிய வேண்டும். ஆனால் பழிவாங்க அல்ல.’ இது நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“உங்க வீட்டுக்காரர் பேரையும் எழுதிக் கொடுத்தது அவர்தானே?”

நவமணி ஜன்னல் பக்கம் பார்த்தார். “ஆமா. எழுதி முடிச்சப்புறம் அவர்கிட்டயே கொண்டுபோய் குடுத்தேன்.”

மஜீது புத்தகத்தை மெல்ல மூடினார். எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

*

பெரிய கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். காலர் பொத்தானைக்கூடக் கழற்றாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“பள்ளி அலமாரிக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு. ஒண்டு டீச்சரிட்டை. மற்றது இஞ்சை, என்ரை மேசை லாச்சியிலை.”

“நேத்து?”

“நேற்றும் இஞ்சைதான் கிடந்தது.”

“புத்தகத்தை இதுக்கு முன்னாடி படிச்சிருக்கீங்களா?”

“படிக்கிறதோ?” கிராணி முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார். “எழுத்துப் பிழை முழுக்கத் திருத்திக் குடுத்தனான் நான்தான். முப்பத்தாறாம் பக்கத்திலை இருக்கிறது என்னைப் பற்றித்தான்.”

“எடுத்துடச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் அந்தப் பிள்ளை எடுத்திருக்கும். நான் சொல்லேல்லை.”

“ஏன்?”

“நடந்தது அதுதானே, ஐயா.”

மஜீது எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

*

பகல் ஒரு மணி. தோட்ட வாசலில் காவல் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் உடையப்பன் விறைப்பாக நின்று சலாம் அடித்தான்.

“புத்தகக் கட்டு எப்ப வந்துச்சு?”

“சனிக்கெழம பகல்ல, ஐயா. பத்தாங் பெர்ஜுந்தாய்லேர்ந்து ஷேக் தாவூது நானா தன் கடை லோரியில கொண்டாந்தாரு.”

“சோதனை போட்டீங்களா?”

“உள்ள வர்ற எதையும் பிரிக்காம விடக் கூடாது லா. நாந்தான் பிரிச்சேன். மண்டோரு சாமான் எறக்க வந்தாரு, அவரும் கூட நின்னாரு. நல்ல புஸ்தகம் ஐயா. கப்பலு, ரயிலு, மேப்பு எல்லாம் படம் போட்டிருந்துச்சு.”

“லோரி?”

“எறக்கிட்டு ஒடனே திரும்பிப் போயிருச்சு. அப்புறம் இன்னிக்குக் காலம்பற வரைக்கும் வெளியாளு யாரும் உள்ள வரல. பட வண்டியத் தவிர. அதுங்கூட ஒரு போலீஸ்காரரு ஏறித்தான் வந்தாரு.”

அடுத்து மண்டோர் ரெங்கசாமி. நல்ல உயரம், தடித்த மீசை. கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

“கிராணிய இன்னும் விலங்கு மாட்டலியா ஐயா?”

“நேத்து படம் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். எல்லாரும் பார்த்தாங்க.”

“உங்களுக்கு எந்தப் பக்கத்து வேல?”

“நாலாம் நம்பர் ரப்பர் காடு. வேலியோரம்.”

“இந்தப் புத்தகம், வெட்டுறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு? பார்த்தீங்களா?”

“நான் எங்க ஐயா பார்த்தேன்? கண்ணால கூடப் பார்க்கல. பார்த்தாலும் என்ன புரியப் போவுது? நான் கைநாட்டு ஆளு.”

“சரி, போங்க” என்றார் மஜீது.

*

பள்ளிக்குத் திரும்பியபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நவமணி மட்டும் இருந்தார். மஜீது வெட்டப்பட்ட புத்தகத்தை மேசையில் வைத்தார். அந்தக் காகிதத் துண்டை விரலால் ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம் சாய்த்தார். திரும்பவும் முதல் பக்கம். நின்றுவிட்டார்.

“டீச்சர், காலையிலேர்ந்து எல்லாரும் முப்பத்தேழாம் பக்கத்தைப் பத்தியே பேசிட்டிருக்கோம்.”

“ஆமா.”

“அது ஒரு தாளு. தாளுக்கு ரெண்டு பக்கம். முப்பத்தெட்டுல என்ன இருந்துச்சு?”

நவமணி வியப்போடு பார்த்தார். “அதுவா? அது ஒண்ணுமில்ல. கடைசிப் பாடம் நம்ம வட்டாரத்தப் பத்தி. டச்சுக்காரன் கோட்டை, ஈயம் தோண்டுற ஈயலம்பம், தோட்டம் எல்லாம் எப்படி வந்துச்சுன்னு. அதுக்கு முன்னால ஒரு வரைபடம் போட்டிருந்தேன். நானே வரைஞ்சது.”

“இப்ப வரைய முடியுமா?”

நவமணி சாக்குக்கட்டியை எடுத்தார். கரும்பலகையில் முதலில் சிலாங்கூர் ஆறு வளைந்து ஓடியது. அது கடலில் சேரும் இடத்தில் கோலசிலாங்கூர்க் குன்று, பிறகு புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தாய், நடுவில் மரப்பாலத் தோட்டம். ஒரு தடுமாற்றம் இல்லாமல் கை ஓடியது. தோட்டத்தின் கிழக்கு மூலையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு இழுத்தார்.

“இது என்ன கோடு?”

“பழைய ஈயலம்பத்து வாய்க்கால். செங்கல் கட்டி மேல மூடியிருப்பாங்களாம். அந்தக் காலத்துல லம்பத்துல வேல செஞ்ச ஒரு சீனத் தாத்தா சொன்னாரு. இப்ப தூர்ந்து போயிருக்கும்.”

“எந்த இடத்துல வேலியைத் தாண்டுது?”

நவமணியின் சாக்குக்கட்டி நின்றது. வேலி இப்போது இருக்கும் இடத்தை மெதுவாக வரைந்தார். புள்ளிக் கோடு அதற்கு அடியில் போய், காட்டுக்குள் நுழைந்தது. அது தொடங்கிய இடத்தில், ரப்பர் காட்டின் எண் போட வேண்டியிருந்தது.

“நாலாம் நம்பர் காடு” என்றார் நவமணி. அவருடைய குரல் இறங்கிப் போயிருந்தது.

மஜீது கரும்பலகையைத் தானே துடைத்தார்.

*

பகல் மூன்று மணி. மஜீதும் நான்கு போலீஸ்காரர்களும் நாலாம் நம்பர் காட்டின் வேலியோரம் பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு போனார்கள். லாலான் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் புல் மிதிபட்டுப் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் ஈரப் பாசி படிந்த செங்கல் வளைவு தெரிந்தது. ஒருவன் குனிந்து போகும் அளவுக்கு வாய்.

உள்ளே மண்ணெண்ணெய் டின்களில் அரிசி இருந்தது. ஓட்டை போடாத பால் டின்கள் இருந்தன. காய்ச்சல் மாத்திரைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு சாக்கில் சுற்றி, நாற்பது தாள்கள் இருந்தன.

மஜீது மேலே இருந்த தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஓரம் சற்று ஈரம். எழுத்து அழியவில்லை.

*

மாலை ஐந்து மணி. பள்ளிக்கு முன்னால் தோட்டமே கூடியிருந்தது. துரை ஒரு நாற்காலியில் இருந்தார். கிராணி தள்ளி நின்றார். அவருக்கு யாரும் பக்கத்தில் இடம் கொடுக்கவில்லை.

மஜீது ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

“முதல்ல கிராணியப் பத்திச் சொல்றேன். அலமாரிக் கதவு கீல் பக்கமாத் தொறந்திருக்கு. சாவி கையில இருக்கிற ஆளு எதுக்கு முளையத் தட்டணும்? சரி, ஏமாத்தறதுக்காகச் செஞ்சார்னே வச்சுக்குவோம். அவரைப் பத்தி எழுதியிருக்கிறது முப்பத்தாறாம் பக்கம். அது இன்னும் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. மறைக்க நெனச்சவரு தன்னைப் பத்தின பக்கத்த விட்டுட்டு, செத்தவங்க பேரை ஏன் வெட்டணும்? அவரு அதை முன்னமே படிச்சுப் பிழை திருத்திக் குடுத்தவரு. ஒரு வரியக்கூட மாத்தச் சொல்லல.”

கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. பலர் கிராணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப இந்தத் தாளு.” மஜீது வெட்டப்பட்ட தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “நாம எல்லாரும் இந்தப் பக்கத்தையே பார்த்தோம். வெட்டினவன் இந்தப் பக்கத்தப் பார்க்கவே இல்ல. அவனுக்கு வேண்டியது பின்னால. அங்க ஒரு மேப்பு. அந்த மேப்புல ஒரு பழைய வாய்க்கால். அது வழியா ராத்திரிக்கு ராத்திரி அரிசி வேலிக்கு வெளிய போயிட்டிருக்கு. அச்சடிக்க அனுமதி குடுத்த அதிகாரிங்க இந்தப் புத்தகத்தோட எழுத்தெல்லாம் படிச்சாங்க. படத்த யாரும் படிக்கல. ஆனா நாளைக்கு வர்றவரு பட்டாளத்துக்காரரு. தமிழ் தெரியாது. புத்தகத்தக் கையில வாங்கினா மொதல்ல மேப்பத்தான் பார்ப்பாரு.”

“கட்டையே தூக்கிட்டுப் போயிருக்கலாமே?” என்று யாரோ கேட்டார்கள்.

“கட்டு காணாமப் போனா போலீஸ் வேலியோரமா நாயோட வரும். ஒரு தாளு போனா, அச்சுக்காரன் விட்டுட்டான்னு நெனப்பாங்கன்னு பார்த்தான். அதுல பேரு தேடுற பிள்ளைங்க இருக்கும்னு அவனுக்குத் தெரியாது.”

மஜீது புத்தகத்தை மூடினார்.

“சனிக்கிழமை இந்தப் படத்தப் பார்த்தது மூணு பேரு. கடைக்காரர் ஷேக் தாவூது நானா. வெட்டணும்னா அவரு கடையிலயே வெட்டியிருப்பாரு. அதுவுமில்லாம உடனே திரும்பிப் போயிட்டாரு. ரெண்டாவது ஆளு, வாசல்ல நிக்கிற உடையப்பன். வாசலே அவன் கையில இருக்கு. அரிசி கடத்த நெனச்சா அவனுக்கு எதுக்கு வாய்க்கால்? மூணாவது ஆளு, கட்டைப் பிரிக்கும்போது கூட நின்னவரு. அரிசி மூட்டைய எறக்குறதும், வாய்க்கால் இருக்கிற நாலாம் நம்பர் காடும் அவரு பொறுப்புலதான். புத்தகத்தக் கண்ணால கூடப் பார்க்கலன்னு என்கிட்டச் சொன்னவரு. எழுதப் படிக்கத் தெரியாதவரு. அதனால அவருக்குப் புரிஞ்சது மேப்பு மட்டும்தான்.”

மஜீது நேராக நடந்து போய் மண்டோர் ரெங்கசாமியின் முன்னால் நின்றார்.

“காலையில டீச்சர் உங்க அண்ணன் பேரச் சொன்னப்ப உங்க முகத்தப் பார்த்தேன், மண்டோர். இங்க இருந்த எல்லாருக்கும் தங்களோட ஆளுங்க பேரு அதுல இருக்குன்னு முன்னமே தெரியும். உங்களுக்கு மட்டும் அப்பத்தான் தெரிஞ்சுது, அண்ணன் பேரையே வெட்டினோம்னு.”

ரெங்கசாமி ஓடுவதற்குப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஆட்கள். யாரும் அவரைத் தொடவில்லை. தொடாமல் நின்றதுதான் அவரை உடைத்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“மொதல்ல கழுத்துல கத்தி வச்சுத்தான் கேட்டானுங்க, ஐயா. சத்தியமா. அப்புறம்… அப்புறம் பழகிருச்சு.”

“பிள்ளைங்க கஞ்சி குடிக்கிற அரிசி அது” என்றாள் ஒரு பெண்.

விலங்கு மாட்டும்போது அவர் நவமணியைப் பார்த்தார். “வாத்தியாரம்மா, அந்தப் பேரு… எங்க இருக்கு?”

நவமணி தாளை அவர் முன்னால் பிடித்து விரல் வைத்துக் காட்டினார். ரெங்கசாமி அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார். படிக்கத் தெரியாத கண்கள் அந்த ஒரு பெயரின் மேல் முன்னும் பின்னும் போயின. பிறகு தானாகவே ஜீப்பில் ஏறினார்.

*

அடுத்த நாள் கேப்டன் வந்தார். வாய்க்காலின் வாயைச் சிமெண்டு போட்டு அடைக்கச் சொன்னார். வரைபடம் பிள்ளைகளின் கையில் இருக்கக் கூடாது என்றார். துரை உடனே, “அப்படியானால் தாளை எரித்துவிடலாம்” என்றார்.

“வேண்டியதில்லை” என்றார் மஜீது ஆங்கிலத்தில். “மேப்பின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினால் போதும். அதை வரைந்த அம்மாள் இல்லையென்றால் அந்த வாய்க்கால் இன்னும் திறந்துதான் கிடக்கும், சார். இரண்டு பட்டாளம் ஒரு வருஷமாகத் தேடியது அது.”

கேப்டன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுத்து புரியாவிட்டாலும் அட்டையில் இருந்த பெயரைக் காட்டி யாரென்று கேட்டார். பிறகு எழுந்து நின்று நவமணிக்குச் சலாம் வைத்தார்.

வழக்குக்கென்று மஜீது இரண்டு தாள்களை மட்டும் வைத்துக்கொண்டார். மீதி முப்பத்தெட்டும் அன்று பிற்பகல் பள்ளிக்குத் திரும்பின. ஒட்டுவதற்குப் பசை இல்லை. கடையில் மாவு விற்பதற்கும் தடை. நவமணி என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது நல்லம்மாள் வந்தாள். ஒரு வாழையிலையில் ஒரு பிடி சோறு. அன்றைக்கு அவளுக்கென்று அளந்து கொடுத்ததிலிருந்து எடுத்தது.

“இதக் கரைச்சா ஒட்டும்லம்மா?” என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி, அதைவிடக் குறைவாக இருப்பவர்கள் ஒரு கவளம். பிள்ளைகள் சோற்றை நசுக்கிக் கூழாக்கினார்கள். மஜீது சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தாள்களைக் காகிதத் துண்டோடு பொருத்தி ஒட்டினார்.

தாள் இல்லாத இரண்டு புத்தகங்களைக் கிராணி கார்த்திகேசு கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு மூலையில் உட்கார்ந்து, வெட்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, நவமணி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயரையும் தன் கையால் எழுதினார். நவமணியின் கணவர் பெயர் வந்தபோது பேனா நின்றது.

“சொல்லவா?” என்றார் நவமணி.

“வேண்டாம், பிள்ளை. எனக்குத் தெரியும்” என்று கிராணி எழுதினார்.

எழுதி முடிந்ததும் மை காயட்டும் என்று இரண்டு புத்தகங்களையும் திறந்தபடியே ஜன்னலில் வைத்தார்கள். நல்லம்மாள் நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் தன் பக்கத்தில் கிராணிக்கு இடம் விட்டாள்.